ஜெர்மன்காரம்மாவின் பொழுதுபோக்குகள்

"அப்பா, வேலை இல்லாத நேரத்துல நீங்க என்ன செய்வீங்க?"

நளினி இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் 'என் தந்தையின் பொழுதுபோக்கு' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த காளியண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேலை இல்லைன்னா, என்ன வேலை இருக்குன்னு பார்ப்பேன்" என்றார். பிள்ளை அதை அப்படியே எழுதிக்கொண்டு போனது. ஆசிரியை அதன் கீழே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினார்.

அந்தக் கேள்விக்குறி இத்தனை வருஷம் எங்கேயோ சுற்றிவிட்டு, இப்போது ஜெர்மன் மொழியில் திரும்பி வந்திருந்தது.

"வாஸ் ஸிண்ட் ஈரே ஹோபிஸ்? எங்கே, நீங்க சொல்லுங்கப்பா" என்றாள் போனில் நளினி.

"வாஸ் ஸிண்ட்... ஏம்மா, 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டா ஆகாதா?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டா, சாப்பாடு போடப் போறீங்கன்னு நெனைப்பாங்க."

"போடத்தானே போறோம்?"

நளினி ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஹெல்கா என்ற பெண்மணி, தனியாக மலேசியாவைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார். சனிக்கிழமை காலை கோலாலம்பூர் பஸ்ஸில் மலையூரான தானா ராத்தாவுக்கு வந்து இறங்குவார். அங்கிருந்து, காளியண்ணன் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்து வந்து ஒரு வேளைச் சோறு போட வேண்டும்.

சோறு போடுவது காளியண்ணனுக்குப் பெரிய காரியமில்லை. நன்றி சொல்வதுதான் பெரிய காரியம்.

போன குளிர்காலத்தில் நளினிக்குக் குடல்வால் வெடித்து, அவசரமாக அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது அவள் அந்த ஊருக்குப் புதிது. யாரையும் தெரியாது. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் ஹெல்கா அம்மா உட்கார்ந்திருந்தாராம். மாடிப்படியில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொன்னதைத் தவிர அதுவரை இருவருக்கும் பேச்சே கிடையாது. பிள்ளை எழுந்து நடக்கும்வரை அந்தம்மாள் அந்த நாற்காலியை விடவில்லை. செய்தி தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது நளினி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் காளியண்ணன் தோட்டத்து முருகன் கோயிலில் நின்று, "அந்தப் புண்ணியவதியை ஒரு தடவை என் கண்ணுல காட்டு சாமி. கையெடுத்துக் கும்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிடறேன்" என்று வேண்டிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து அவர் தொண்டையிலேயே குடியிருந்தது.

"அதை மட்டும் எடுத்ததும் சொல்லிடாதீங்கப்பா" என்றாள் நளினி. "அவங்க ரொம்பக் கூச்சப்படுவாங்க. நான் நன்றின்னு வாயெடுத்தாலே எழுந்து போயிடுவாங்க. முதல்ல சும்மா பேசணும். நல்லாப் பழகினப்புறம் மெதுவாச் சொல்லுங்க."

"சும்மான்னா? வீட்டுக்காரர் என்ன பண்றாரு, பிள்ளைங்க எத்தனை..."

"அதெல்லாம் கேட்கவே கூடாது. வயசு கூடாது, சம்பளம் கூடாது. வீட்டுக்காரர் இருக்காரா போயிட்டாரான்னு கேட்கக் கூடாது. ஏன் மெலிஞ்சிட்டீங்கன்னு கேட்கக் கூடாது."

காளியண்ணனுக்கு அந்த மலைக்குளிரிலும் வியர்த்தது. தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக நிற்கும் அந்த லயத்துக்கு யார் புதிதாக வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டு முடிக்கிற கேள்விகள் அத்தனையும் போய்விட்டன.

"அப்புறம் மனுஷங்ககிட்ட கேட்க என்னம்மா மிச்சம் இருக்கு?"

"ஹாபி இருக்கு. ஓய்வு நேரத்துல என்ன செய்யப் பிடிக்கும்னு கேளுங்க. இங்கே எல்லாரும் அப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பாங்க. அவங்க பதில் சொல்லிட்டு 'உண்ட் ஸீ?'ம்பாங்க. 'உங்களுக்கு?'ன்னு அர்த்தம். நீங்க உங்க ஹாபியைச் சொல்லணும்."

"எனக்கு ஏதும்மா ஹாபி?" என்று அவர் கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. லயத்தில் சிக்னல் கிடையாது. ரோட்டு முனை வரைக்கும் ஏறிப் போனால்தான் கிடைக்கும். அங்கும் மேகம் இறங்கினால் போய்விடும்.

அந்த வாரம் முழுவதும் தேயிலை ஆலையில், கொழுந்து உருட்டும் இயந்திரத்தின் சத்தத்துக்குள், காளியண்ணன் "வாஸ் ஸிண்ட் ஈரே ஹோபிஸ்" என்று முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்தார். புதிதாக ஏதோ மந்திர உபதேசம் வாங்கியிருக்கிறார் என்று கூட வேலை செய்தவர்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அவருக்கு ஒரு பயம் வந்தது. தான் சரியாகக் கேட்டுவிடலாம்; பக்கத்து வீட்டு மாரியம்மாவின் வாயை யார் கட்டுவது? கொழுந்து பறிக்கும் பெண்களில் மாரியம்மாதான் கெட்டிக்காரி, கேள்வி கேட்பதிலும். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மாவிடம், தன் இருமலைச் சொல்வதற்கு முன்னால், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டுவிட்டு வந்தவள்.

ஆகவே அவளுக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தார். மாரியம்மாவுக்குக் கொடுத்தால், தோட்டத்துக் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கிராணி ஆண்டியப்பனை விட முடியாது. கோயில் தலைவர், கோபித்துக்கொள்வார். அவருக்கும் கொடுத்தார். வேன் ஓட்டும் தர்மேந்திரன், காளியண்ணனின் மனைவி யோகேஸ்வரிக்கு அண்ணன் மகன். தானா ராத்தாவுக்குப் போய் விருந்தாளியை அழைத்து வருவது அவன்தான். அவனுக்குக் கட்டாயம் வேண்டும். சனிக்கிழமை விடிந்தபோது லயத்தில் அந்த வாக்கியம் தெரியாத ஒரே ஜீவன் யோகேஸ்வரியின் ஆடுதான்.

"ஆளை எப்படி மாமா கண்டுபிடிக்கிறது?" என்றான் தர்மேந்திரன்.

காளியண்ணன் நளினி அனுப்பிய படத்தைக் காட்டினார். கொட்டும் பனியில் எடுத்தது. தொப்பிக்கும் கழுத்துத் துணிக்கும் நடுவே ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது.

"மூக்குதானே இருக்கு?"

"நல்ல மூக்கா இருக்குல்ல. பார்த்து வெச்சுக்க. வெள்ளைத் தலைமுடி, கண்ணாடி, முதுகுல பெரிய பை. தனியா வருவாங்க."

"பேரு ஹெல்காதானே? சத்தமாக் கூப்பிட்டுப் பார்க்கறேன்."

அடுப்படியிலிருந்து யோகேஸ்வரி கரண்டியோடு வெளியே வந்தாள். "அடி வாங்குவே. உங்க அத்தைப் பாட்டி வயசு அவங்களுக்கு. நடுரோட்டுல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுவியா? அம்மான்னு கூப்பிடு. அந்த மரியாதை எந்த ஊர்லயும் புரியும்."

அது சரியென்றே எல்லோருக்கும் பட்டது.

ஆலையில் காலை வேலை முடிந்து காளியண்ணன் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி வாசலில் நின்றபோது வேன் வந்துவிட்டது. இறங்கிய அம்மாளுக்கு வெள்ளைத் தலைமுடி. கண்ணாடி. முதுகில் பெரிய பை. மூக்கும் குறை சொல்ல முடியாததாக இருந்தது.

"சொன்னதையே கேட்டேன் மாமா. 'வாஸ் ஸிண்ட்'னு ஆரம்பிச்சதும் அப்படி ஒரு சிரிப்பு. பையை வாங்கி வெச்சேன். தானா ஏறி உட்கார்ந்துட்டாங்க" என்றான் தர்மேந்திரன். டவுனில் சவாரி காத்திருந்ததால், இறக்கிவிட்ட கையோடு வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அந்தம்மாள் காளியண்ணனிடம் கையை நீட்டி, "இஷ் பின்..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். காளியண்ணனோ ஒரு வாரமாகத் தலையில் தண்ணீர்க் குடத்தைச் சுமப்பதுபோல் அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டிருந்தவர். இன்னும் ஒரு நொடி போனால் கொட்டிவிடும் போலிருந்தது.

"வாஸ் ஸிண்ட் ஈரே ஹோபிஸ்?" என்றார்.

அம்மாளின் முகம் மலர்ந்தது. "இஷ் வாண்டரெ கேர்ன்" என்று சொல்லி, இரண்டு விரல்களைக் காற்றில் நடத்திக் காட்டினார். பிறகு, "உண்ட் ஸீ?"

கேள்விக்குறி வந்து நின்றுவிட்டது. காளியண்ணன் தன் வாழ்க்கையை ஒருமுறை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கைவசம் இருந்த ஒரே ஜெர்மனைத் திரும்பவும் எடுத்தார்.

"வாஸ் ஸிண்ட் ஈரே ஹோபிஸ்?"

அம்மாள் கொஞ்சம் யோசித்தார். ஒன்று போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். தொண்டையில் கைவைத்து, வாயைத் திறந்து, பாடுவதுபோல் காட்டினார்.

"நடக்கப் பிடிக்குமாம், பாடப் பிடிக்குமாம்" என்று காளியண்ணன் கூட்டத்துக்கு அறிவித்தார்.

அங்கேதான் தொல்லை தொடங்கியது. அந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி ஒன்றைப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டால், சொன்னவர் திரும்பிப் போவதற்குள் அது அவருக்குக் கிடைத்தாக வேண்டும். பலாப்பழம் பிடிக்கும் என்று பேச்சுவாக்கில் சொன்ன ஒரு மருமகன், பழத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர்போய்ச் சேர்ந்த கதை உண்டு. வெறுமனே தெரிந்துகொள்வதற்காக ஒருவரின் விருப்பத்தைக் கேட்பது அவர்களுக்குக் கேலி செய்வதற்குச் சமம்.

"நடக்கத்தானே? என்கிட்ட விடுங்கண்ணே" என்று மாரியம்மா அம்மாளின் கையைப் பிடித்தாள். "ஜாலான் ஜாலான் போயிட்டு வந்துடறோம்." உலாத்திவிட்டு வருவதாகச் சொன்னவள், தினமும் கொழுந்துக் கூடையோடு ஏறுகிற அதே சரிவில், அதே வேகத்தில் ஏறினாள். தேயிலைப் புதர்களுக்கு மேலே அம்மாளின் வெள்ளைத் தலை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு மேகம் மறைத்துக்கொண்டது.

இறங்கி வந்தபோது அம்மாளின் காலணிகள் சேறாகி, எந்த நிறத்தில் வாங்கினார் என்றே தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே மாரியம்மாவைப் பார்த்து, "உண்ட் ஸீ?" என்றார்.

மாரியம்மா தயாராக இருந்தாள். "வாஸ் ஸிண்ட் ஈரே ஹோபிஸ்?"

அம்மாள் மண்ணைக் கொத்தி எதையோ நடுவதுபோல் சைகை காட்டினார்.

"தோட்ட வேலையாம்" என்றாள் மாரியம்மா. "பாருங்கண்ணே, நம்ம சாதிசனம்தான்." அவள் தம்பிக்குத் திரிங்காப்பில் காய்கறித் தோட்டம். ரிங்லெட்டுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும் அவன் லோரி அந்த நேரம் பார்த்து ரோட்டு முனையில் வந்தது. நிறுத்தி, ஒரு தட்டு கோசு நாற்றை இறக்கினாள். அம்மாளின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தாள். அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, யோகேஸ்வரியின் பின்கட்டில் கோசு நட்டார்.

காளியண்ணன் இங்கும் அங்கும் அலைந்தார். "மாரியம்மா, அவங்களை உட்கார விடு லா. நான் ஒரு வார்த்தை சொல்லணும்."

"பழகினப்புறம்தானேண்ணே சொல்லணும்? பழகிக்கிட்டுத்தானே இருக்கோம்."

பாட்டு இன்னும் பாக்கியிருந்தது. ஆண்டியப்பன் கோயில் ஒலிபெருக்கியைக் கட்டி முடித்துவிட்டு, ஆள் அனுப்பாமல் தானே வந்து அழைத்துப் போனார். முருகன் சன்னிதிக்கு முன்னால், காலில் சேறும் நெற்றியில் திருநீறுமாக அம்மாள் மைக்கைப் பிடித்து ஒரு பாட்டுப் பாடினார். மெல்லிய, நடுங்குகிற குரல். அது மலைமுகட்டில் பட்டுத் திரும்பி வந்தது. கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். முருகனுக்கு எந்த மொழியும் அந்நியமில்லை என்பதால், ஒருவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை.

பாடி முடித்து, நெகிழ்ந்துபோய், "உண்ட் ஸீ?" என்றார் அம்மாள்.

"வாஸ் ஸிண்ட் ஈரே ஹோபிஸ்?" என்றார் ஆண்டியப்பன், கிராணிக்கே உரிய கண்டிப்போடு.

இந்த முறை அம்மாள் நிரம்ப நேரம் யோசித்தார். விரல்களை மடக்கி இதுவரை சொன்னவற்றை எண்ணிப் பார்த்தார். கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் புத்தகம்போல் விரித்துக் காட்டினார்.

ஆண்டியப்பன் கோயிலின் ஆண்டறிக்கையைக் கொடுத்தார். அதைப் போன வருஷம் அவரே எழுதியிருந்தார். இதுவரை யாரும் படித்ததில்லை. அம்மாள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பக்கம் பக்கமாக, மரியாதையோடு புரட்டினார். ஆண்டியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்குமேல் பொறுக்கக்கூடாது என்று காளியண்ணன் தீர்மானித்தார். அம்மாளை வீட்டுக்கு அழைத்து வந்து, கதவைச் சாத்தி, இலை போட்டார். யோகேஸ்வரி பரிமாறினாள். அம்மாள் கையால் பிசைந்து, சிந்தி, சிரித்து, ரசத்தில் கண்ணீர் விட்டு, திருப்தியாகச் சாப்பிட்டார். கை கழுவி வந்ததும் காளியண்ணன் சுவரிலிருந்த நளினியின் படத்தை எடுத்துவந்தார். தாதி உடையில் சிரிக்கும் படம்.

"நளினி" என்றார்.

அம்மாள் படத்தைப் பார்த்துச் சிரித்தார். அழகாக இருக்கிறாள் என்பதுபோல் தலையசைத்தார்.

"ஹாஸ்பிட்டல். நீங்க." நாற்காலி ஒன்றைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து காட்டினார். "நீங்க உட்கார்ந்தீங்க. எங்க பிள்ளைக்கு அங்கே நாதி இல்லாதப்போ..."

ஜெர்மன் இல்லை, மலாய் இல்லை. தமிழும் பாதியில் நின்றுவிட்டது. கை இரண்டையும் குவித்துத் தலைக்கு மேலே தூக்கினார். நளினி வாயில் கேட்டிருந்த ஜெர்மன் நன்றி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "டாங்கே" என்றார். "டாங்கே, தாயே." தொண்டையில் அத்தனை மாதம் குடியிருந்தது வெளியே வந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது.

அம்மாள் பதறி எழுந்தார். இல்லை இல்லை என்று தலையசைத்தார். கையை விரித்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"நளினி சொன்னது சரிங்க" என்று யோகேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செஞ்சதை ஒத்துக்கக்கூட மாட்டேங்கறாங்களே. இப்படி ஒரு அடக்கத்தை நான் பார்த்ததில்லை."

காளியண்ணன் நிறுத்தவில்லை. அம்மாளும் வேறு வழி தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் நனைந்தது. மூன்று பேரும் சற்று நேரம் அப்படியே அழுதார்கள். வயிறு நிறைந்திருந்ததால் அது நல்ல அழுகையாகவே இருந்தது.

அழுகை ஓய்ந்ததும் காளியண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வாஸ் ஸிண்ட் ஈரே ஹோபிஸ்?" என்று விட்டார்.

அம்மாள் அவரைப் பார்த்தார். தன் சேற்றுக் கால்களைப் பார்த்தார். மெதுவாக இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்துக்கடியில் வைத்து, கண்ணை மூடிக் காட்டினார்.

"இஷ் ஷ்லாஃபெ கேர்ன்" என்றார்.

தூங்கப் பிடிக்குமாம்.

இருந்த கம்பளிகளில் நல்லதாக இரண்டை விரித்து, உள்ளறையில் படுக்க வைத்தார்கள். தலையணையில் தலை பட்டதும் அம்மாள் தூங்கிவிட்டார். விஷயம் எப்படியோ பரவி, தாலாட்டுக்கு ஒலிபெருக்கியைக் கட்டலாமா என்று கேட்டுக்கொண்டு ஆண்டியப்பன் வந்தார். கூடவே, கோசு நாற்றுக்குத் தண்ணீர் விட மாரியம்மா வந்தாள். காளியண்ணன் இருவரையும் வாசலிலேயே மறித்து நிறுத்தினார்.

அப்போதுதான் வேன் சரிவில் இறங்கி வந்து நின்றது. தர்மேந்திரன் இறங்கினான். ஆனால் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"மாமா, கோவப்படக் கூடாது."

"சத்தம் போடாதே. ஹெல்கா அம்மா தூங்கறாங்க."

தர்மேந்திரன் வேன் கதவை விடவில்லை.

"ஹெல்கா அம்மா இன்னும் கோலாலம்பூர்லயே இருக்காங்க மாமா. பஸ்ஸை விட்டுட்டாங்களாம். சாயங்கால பஸ்ஸுலதான் வராங்கன்னு நளினி இப்பத்தான் போன் பண்ணினா."

முதலில் ஆடுதான் ஏதோ சொன்னது.

"அப்ப உள்ளே தூங்கறது யாருடா?" என்றாள் மாரியம்மா.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்ல தங்கியிருக்கறவங்க. தேயிலைத் தோட்டம் சுத்திப் பார்க்க வேன் சொல்லியிருந்தாங்களாம். நான் போய் நின்னதும் அதுதான்னு ஏறிட்டாங்க. கெஸ்ட் ஹவுஸ்காரன் என்னைப் பிடிச்சுத் திட்டித் தீர்த்துட்டான்."

"பேரைக் கேட்கலையா?" என்றார் காளியண்ணன்.

"பேரைக் கேட்கலாமா கூடாதான்னு நளினி சொல்லலையே. கூப்பிடக் கூடாதுன்னு அத்தையும் சொல்லிட்டாங்க."

ஆண்டியப்பன் தூணைப் பிடித்துக்கொண்டார். "அப்போ இதெல்லாம் டூருன்னு நெனைச்சுக்கிட்டா செஞ்சாங்க? என் ஆண்டறிக்கையைப் படிச்சதும்?"

"கோசு நட்டதுமா டூருல சேர்த்தி?" என்றாள் மாரியம்மா.

யோகேஸ்வரி உள்ளறைக் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "எழுப்பிச் சொல்லிடலாமாங்க? நீங்க சொன்ன நன்றியெல்லாம் ஆள் மாறிப் போயிடுச்சே" என்றாள்.

காளியண்ணன் கதவின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். அம்மாள் வாயைச் சற்றே திறந்துகொண்டு, ஊர்பேர் தெரியாத வீட்டில், சொந்த வீட்டில்போலத் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிய முகத்தில் களைப்பு தெரிந்தது. எதற்காக இத்தனை தூரம் தனியாக வந்தாரோ. எந்தக் கேள்வியையும் கேட்கக்கூடாது என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியுமா?" என்றார். "தூங்கட்டும். ஹெல்கா அம்மாவுக்கு வேற சொல்லிக்கலாம். இருக்கு."

பிறகு ஆளுக்கொரு வேலை சொன்னார். கெஸ்ட் ஹவுஸில், அம்மா பத்திரமாக இருக்கிறார், எழுந்ததும் கொண்டுவந்து விடுகிறோம் என்று சொல்லிவிட்டு, தர்மேந்திரன் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். இந்த முறை பேரைக் கேட்க வேண்டும். ஆண்டியப்பன் ஒலிபெருக்கியைக் கழற்ற வேண்டும். ராத்திரி விருந்துக்கு யோகேஸ்வரி மாரியம்மா வீட்டு அடுப்பில் சமைக்க வேண்டும். இங்கே பாத்திரம் உருட்டக் கூடாது. எல்லோரும் கால் நுனியில் நடந்து போனார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. வாசலில் அம்மாளின் சேற்றுக் காலணிகள் நனைந்துகொண்டிருந்தன. காளியண்ணன் அவற்றை எடுத்துவந்து, பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, குச்சியால் சேற்றை நோண்டி, துணியால் துடைத்தார். அவை நீல நிறம். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, அடுப்பின் சூட்டில் சாய்த்து வைத்தார். உள்ளறையில் ஒரு கம்பளி நழுவியிருந்தது. அதை எடுத்துப் பாதத்தின் மேல் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்தார்.

கூடத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அதைத் தூக்கிவந்து, அந்தக் கதவின் பக்கத்தில் போட்டு, உட்கார்ந்துகொண்டார்.